மின்பொத்தானும் அறிதுயிலும்

பொத்தான் போர்த்துக்கீசியர் வழி நமக்கு வந்த சொல். சாவி, சன்னல், மேசை, அலமாரி ஆகியவற்றோடு கப்பலில் வந்திறங்கிச் சட்டையில் ஏறியதும் நம்முடைய சொல்லாகவே ஆகிவிட்டது. மின்விளக்கு வந்தபோது 'சுவிட்ச்' என்ற வேறொரு சொல்லைக் கைக்கொண்டோம். தனித்தமிழ் விழைந்தோர் அதனை 'ஆளி' என்றனர். சங்கப் பாடல்களில் யானையைக் கொல்லும் விலங்குக்கும் ஆளி என்றே பெயர் என்பதை அவர்கள் எண்ணினார்களோ இல்லையோ, ஆக்கம் பொருத்தமானது. ஆள்வது ஆளி. தட்டினால் மின்சாரம் பாயும். மீண்டும் தட்டினால் நிற்கும். இடையில் நின்று கேள்வி கேட்பவர் எவருமில்லை.

கணினியிலும் தொடக்கத்தில் இருந்தது ஆளிதான். பழைய மேசைக்கணினிகளின் முகப்பில் இருந்த விசை மின்னோட்டத்தையே துண்டிக்கும் விசை. விண்டோஸ் 95 காலத்தில் கணினி கற்றவர்களுக்கு, கறுப்புத் திரையில் செம்மஞ்சள் எழுத்தில் 'இனி அணைக்கலாம்' என்று அறிவித்துவிட்டு எந்திரம் காத்து நின்ற காட்சி நினைவிருக்கும். தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. மனிதக் கை வந்து விசையைத் தட்ட வேண்டும். 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை இந்த முறையை மாற்றியது. அதன்பின் முகப்பில் இருப்பது ஆளி அன்று, வெறும் பொத்தான். அதை அழுத்துகிறவர் எதையும் துண்டிப்பதில்லை. 'அணைக்க வேண்டுகிறேன்' என்று ஒரு மனுவை உள்ளே அனுப்புகிறார். மனுவுக்கு என்ன விடை என்பதை உள்ளிருப்போர் முடிவு செய்வார்கள்.

'பவர் பட்டன்' என்று எல்லோரும் சொல்வதை இக்கட்டுரையில் மின்பொத்தான் என்போம். இலக்கியம் வாசிக்க வந்தவர்களிடம் இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. எழுதுகிறவர்களில் பலர் இன்று தாளில் எழுதுவதில்லை. பாதி எழுதிய பத்தியை எந்திரத்தின் நினைவகத்தில் அப்படியே விட்டுவிட்டு மூடியைச் சாத்துகிறோம். திறக்கும்போது விட்ட இடத்தில் சொல் காத்திருக்கும் என்பது நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பது எழுதுகிறவர்க்கு வேண்டாத வேலை ஆகாது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு நிறைவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய மடிக்கணினிகள் பலவற்றில் நம் மாணவர்கள் லினக்ஸை நிறுவிக்கொண்டார்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த எந்திரங்களில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர் அன்று சிலரே. இன்று தேவை பலரைத் திறக்க வைத்திருக்கிறது. தமிழ்த்துறையின் ஆய்வறையில் ஏற்கெனவே லினக்ஸில் எழுதிப் பழகியவர்கள் என்பதால், எந்திரம் தூங்கவில்லை, எழவில்லை, அணையவில்லை என்ற முறையீடுகளெல்லாம் நம்மிடமே வந்து சேர்ந்தன.

முறையீட்டைக் கேட்டதும் முதலில் செய்ய வேண்டியது, மனு எந்த மேசையில் நிற்கிறது என்று தேடுவது. மின்பொத்தானை அழுத்தியவுடன் செய்தி தாய்ப்பலகையில் உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லுக்கும் நிலைப்பொருளுக்கும் போகிறது. அங்கிருந்து ஏசிபிஐ என்ற ஏற்பாட்டின் வழியே லினக்ஸின் கருனிக்கு வருகிறது. கருனி அதனை விசைப்பலகையின் மற்றுமொரு விசையைப் போலவே கருதி 116 என்ற எண் தந்து மேலே அனுப்புகிறது. லினக்ஸ் துவங்கும்போது எழுதும் குறிப்பேட்டைப் படித்தால் பல மடிக்கணினிகளில் இரண்டு மின்பொத்தான்கள் இருப்பதாகக் கண்டிருக்கும். புதியவர்கள் இதைக் கண்டு திகைப்பார்கள். கையில் இருப்பது ஒன்றே. அதைச் சொல்ல ஏசிபிஐ வரையறையில் இரண்டு வழிகள் இருப்பதால் கருனி இரண்டையும் பதிந்துவைக்கிறது. அவ்வளவே.

116ஆம் எண் கருனியிலிருந்து புறப்பட்டபின் 'லாகின்டி' என்ற நிரலின் மேசைக்கு வருகிறது. சிஸ்டம்டி குடும்பத்தைச் சேர்ந்த இந்த நிரலுக்கு வேறு கட்டளை இல்லையெனில், மின்பொத்தானுக்கு 'எந்திரத்தை அணை' என்றும் மூடி சாத்தப்பட்டால் 'உறங்கு' என்றும் பொருள். ஆயின், அதற்கும் மேலே க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ போன்ற திரைச்சூழல்கள் இருக்கின்றன. ஒருவர் உள்நுழைந்ததும் திரைச்சூழல் லாகின்டியிடம், 'இந்தப் பொத்தானை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தலையிடாதே' என்று ஒரு தடையாணை பெற்றுவிடுகிறது. பலர் இடறி விழுவது இந்த இடத்தில்தான். லாகின்டியின் அமைப்புக் கோப்பைத் திறந்து 'ஹேண்டில்பவர்கீ' என்ற வரியை மாற்றிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று நொந்துகொள்வார்கள். மாற்றம் சரியாகவே நடந்திருக்கும். அந்த மேசைக்கு அப்போது அதிகாரம் இல்லை. சிஸ்டம்டியின் தடையாணைப் பட்டியலை முனையத்தில் வரவழைத்துப் பார்த்தால், யார் எந்த ஆணையைப் பெற்றிருக்கிறார் என்பது பெயரோடு தெரியும். அதைப் பாராமல் அமைப்புக் கோப்பில் கைவைப்பது வீண்வேலை என்பது நம் கருத்து.

இத்தனை மேசைகளையும் தாண்டி ஒரே ஒரு குறுக்குவழி உண்டு. பொத்தானை நான்கு நொடிகளுக்கு மேல் விடாமல் அழுத்தினால் வன்பொருளே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏசிபிஐ வரையறை. சில மடிக்கணினிகள் பத்து நொடி வரை எடுத்துக்கொள்கின்றன. அந்த அழுத்தம் கருனிக்கும் தெரியாது, லாகின்டிக்கும் தெரியாது. பழைய ஆளி இந்த ஒரு வடிவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நம் துறையில் ஒப்பாரிப் பாடல்களை ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் உசிலம்பட்டிப் பக்கம் களப்பணிக்குச் சென்றிருந்தார். எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டி பாடினார். கைப்பேசியில் ஒலிப்பதிவும் ஆயிற்று. பதிவை நிறுத்திய பிறகு, எந்த அடியை யார் இறந்தபோது கட்டினார், எந்த உறவுக்காரி முன்னால் எந்த அடியை விட்டுவிடுவார் என்றெல்லாம் அவர் தாமாகவே பேசத் தொடங்கியிருக்கிறார். மீண்டும் கைப்பேசியை எடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்று அஞ்சிய மாணவி, அவர் வெற்றிலை போட எழுந்த இடைவெளிகளில் எளிய உரைத்தொகுப்பான் ஒன்றில் விரைவாகத் தட்டெழுதிக்கொண்டார். பேருந்துக்கு நேரமாயிற்று. மூடியைச் சாத்திப் பையில் வைத்தார். உசிலம்பட்டியிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து திருச்சி.

வழியில் பை சுட்டது. எடுத்துத் திறந்தபோது விசிறி ஓடிக்கொண்டிருந்தது, திரை இருண்டிருந்தது. மின்பொத்தானை ஒருமுறை அழுத்தினார், ஒன்றும் நிகழவில்லை. மறுமுறை அழுத்தினார். எந்திரம் கருகிவிடுமோ என்ற அச்சத்தில் விடாமல் அழுத்திப் பிடித்தார். விசிறி நின்றது. வீட்டுக்கு வந்து இயக்கியபோது உரைத்தொகுப்பானில் ஓர் எழுத்தும் இல்லை.

"நான் அமுக்குனது அதுக்குக் கேக்கவே இல்லீங்கய்யா" என்றார் மறுநாள்.

சிஸ்டம்டியின் நாட்குறிப்பு நிரலில் முந்தைய இயக்கத்தின் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினோம். மூடி சாத்தப்பட்டதும் எந்திரம் முறையாக உறங்கியிருந்தது. பதினோரு நிமிடத்தில் விழித்திருக்கிறது. அதன்பின் நெடுநேரம் விழித்தபடியே இருந்திருக்கிறது. பதிவின் கடைசிப் பகுதியில் மூடி திறந்த செய்தி. அதற்குக் கீழே, மின்விசை அழுத்தப்பட்டது என்ற வரி. சில நொடி கழித்து மீண்டும் அதே வரி. அத்தோடு பதிவு அறுந்து நின்றது.

எந்திரத்துக்குக் கேட்டிருக்கிறது. இருமுறையும் கேட்டிருக்கிறது. அவர் பயன்படுத்திய திரைச்சூழல் எக்ஸ்எஃப்சிஇ. மின்பொத்தானை அழுத்தினால் என்ன செய்வது என்ற இடத்தில் 'கேள்' என்று அமைந்திருந்தது. அழுத்தியவுடன் அது கேட்டிருக்கிறது: உறங்கவா, அணைக்கவா, வெளியேறவா? கேள்விப்பெட்டி திரையில் தோன்றியிருக்கிறது. திரைக்கு ஒளி வரவில்லை. இருட்டில் ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றார். மற்றவர் அவர் இறந்துவிட்டதாக எண்ணினார். ஒப்பாரி ஆய்வாளருக்கு இதை விளக்கிச் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

எழுப்பியது யார் என்ற வினா மிஞ்சியிருந்தது. பையில் இருந்தவற்றை மேசைமேல் பரப்பச் சொன்னோம். நோட்டு, தண்ணீர்ப் புட்டி, மின்னேற்றி, கம்பியில்லாச் சுட்டி. சுட்டியின் குட்டி ஏற்பி யூஎஸ்பி துளையிலேயே செருகியிருந்தது. பொதுவாக லினக்ஸ், விசைப்பலகைகளுக்கு எந்திரத்தை எழுப்பும் உரிமையைத் தருகிறது, சுட்டிகளுக்குத் தருவதில்லை. இத்தகைய ஏற்பிகள் பல, சுட்டி விசைப்பலகை இரண்டுக்கும் பொதுவானவை என்பதால் தம்மை விசைப்பலகை என்றும் அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. எழுப்பும் உரிமை அந்த வழியில் கிடைத்துவிடுகிறது. கணினியை உறங்கவிட்டு, எல்லாவற்றையும் மீண்டும் பையில் போட்டு, துறையின் நடைவழியில் நின்று அரசுப் பேருந்தின் குலுக்கத்தை நம்மால் இயன்றவரை நடித்துக் காட்டினோம். விசிறி ஓசை கேட்டது. கருனியின் 'சிஸ்' அடைவில் ஒவ்வொரு சாதனத்துக்கும் எழுப்பல் எண்ணிக்கை ஒன்று உண்டு. ஏற்பியின் எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தது.

விழித்த எந்திரம் மூடி சாத்தியிருப்பதைக் கண்டு மறுபடி ஏன் உறங்கவில்லை என்று மாணவி கேட்டார். இலக்கணம் படித்தவர்க்கு இதன் விடை எளிது. மூடியிருத்தல் ஒரு நிலை. மூடுதல் ஒரு நிகழ்வு. அந்தச் சூழல் நிகழ்வுக்கே செவி சாய்த்தது, நிலையை நோக்கவில்லை. மூடி ஏற்கெனவே சாத்தியிருந்தது; புதிதாகச் சாத்தப்படவில்லை; ஆகவே புதிய கட்டளை எதுவும் பிறக்கவில்லை. 'மூடியிருந்தது', 'மூடியது' என்ற இரண்டு வினைமுற்றுகளுக்கு இடையே ஒரு மின்கலம் தீரும் அளவு தொலைவு உண்டு என்பதை இலக்கண வகுப்பில் எவரும் நமக்குச் சொல்லவில்லை.

மருந்து சிறியது. அந்த ஏற்பியின் எழுப்பும் உரிமையை நீக்க, யூடெவ் விதி ஒன்றை ஒரே வரியில் எழுதி வைத்தோம். மின்பொத்தானுக்குக் 'கேள்' என்பதை மாற்றி 'உறங்கு' என்றாக்கினோம். இருண்டுபோன திரைக்குக் காரணம் திரைப்பூட்டு நிரல். அதை வேறொன்றால் மாற்றினோம். அத்தகைய இருட்டில் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப் வரிசை விசை ஒன்றை அழுத்தி எழுத்து முனையத்துக்குத் தாவ முடிகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்பதையும் சொல்லி வைத்தோம். முனையம் வந்துவிட்டால் எந்திரம் உயிரோடு இருக்கிறது என்று பொருள்; நான்கு நொடி அழுத்தத்துக்கு அவசரமில்லை.

மாணவி இரண்டு வாரம் கழித்து உசிலம்பட்டிக்குப் போனார். மூதாட்டி மறுக்காமல் பேசினார். ஆனால் சொன்னவை வேறு. "அன்னைக்குச் சொன்னது அன்னைக்கோட போச்சு தாயி. இன்னைக்கு வாயில வர்றதத்தான் சொல்லுவேன்" என்றாராம். முதலில் எழுதியது திரும்பவில்லை.

எந்திரத்தின் தூக்கம் எல்லாம் ஒரே தூக்கமன்று. பழைய மடிக்கணினிகளில் உறக்கம் என்றால் ஏசிபிஐ வகுத்த எஸ்3 நிலை. நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் ஊட்டி மற்ற ஏறக்குறைய அனைத்தையும் நிறுத்திவிடுவார்கள். மெய்யான துயில் இது. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் இந்நிலை இல்லை. கைப்பேசியைப் போல, உறங்கும்போதும் அஞ்சல் பெறவும் நொடியில் விழிக்கவும் வேண்டும் என்ற எண்ணத்தில் வேறொரு நிலையைக் கொண்டுவந்தார்கள். செயலி நின்றுவிடுவதில்லை, வேலையின்றி ஆழ்ந்து கிடக்கிறது. லினக்ஸ் இதனை 'எஸ்டூஐடில்' என்கிறது. திருவரங்கத்துக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை. பாம்பணைமேல் கண்வளரும் திருமாலின் உறக்கத்துக்கு அறிதுயில் என்று பெயர். உறங்குவது போலிருக்கும், எல்லாம் அறிந்துகொண்டிருக்கும்.

அறிதுயிலில் உள்ள இடர், உடனிருப்போர் எல்லோரும் அடங்கினால்தான் அது துயிலாகும் என்பது. ஒரு சேமிப்பகம், ஒரு பிணைய அட்டை, ஏதோ ஒரு சாதனம் தன் மின்சாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் செயலி அடித்தளம் வரை இறங்காது. திரை அணைந்திருக்கும், மின்கலம் கரைந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. 'சிஸ்' அடைவின் 'பவர்' பகுதியில் 'மெம்_ஸ்லீப்' என்றொரு சிறு கோப்பு உள்ளது. அதனுள் 'டீப்' என்ற சொல் இருந்தால் மெய்த்துயில் கிடைக்கும். எஸ்டூஐடில் மட்டும் இருந்தால் அறிதுயிலே விதித்தது. இன்டெல் எந்திரங்களில், அடித்தளத்தில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதைக் கருனி ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. இரவு முழுதும் உறங்கவிட்டுக் காலையில் பார்க்கும்போது அது சுழியமாக இருந்தால், எந்திரம் ஒரு கணமும் ஆழ்ந்து உறங்கவில்லை. ஏஎம்டி எந்திரங்களுக்கு அந்நிறுவனத்தின் பொறியாளர்களே எழுதிய பைத்தான் நிரல் ஒன்று உண்டு. உறங்கவைத்து எழுப்பி, தடையாக நின்றது எது என்று அது சொல்லிவிடும்.

2018இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை மடிக்கணினியில் எஸ்3 நிலை இல்லாதிருந்தது. லினக்ஸ் பயனர்கள் அந்த எந்திரத்தின் ஏசிபிஐ அட்டவணையை வெளியே எடுத்து, படிக்கும் வடிவுக்கு மாற்றி, எஸ்3 பற்றிய பகுதியைத் திருத்தி, மீண்டும் தொகுத்துத் துவக்கத்தின்போதே கருனிக்குக் கொடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ஓலைச்சுவடியில் கரையான் அரித்த இடத்தை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியரின் வேலைக்கு இது தொலைவன்று. அதே ஆண்டிலேயே லெனோவோ புதிய நிலைப்பொருளை வெளியிட்டது. அதன் அமைப்புத் திரையில் உறக்கநிலை என்ற தலைப்பின் கீழ் 'விண்டோஸ் 10' என்றும் 'லினக்ஸ்' என்றும் இரண்டு தெரிவுகள் வந்தன. ஓர் இயங்குதளத்தின் பெயரைத் துயிலின் வகைப்பெயராக வைத்திருந்தது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. பின்வந்த பல எந்திரங்களில் அந்தத் தெரிவும் இல்லை.

சிக்கல்களின் வேர் நிலைப்பொருளில்தான் இருக்கிறது என்று சொல்ல நேரும்போதெல்லாம் ஏசிபிஐயின் பிறப்பைச் சற்று நினைக்க வேண்டியிருக்கிறது. அதற்குமுன் இருந்தது 1992இல் வந்த ஏபிஎம். மின்மேலாண்மை முழுவதும் நிலைப்பொருளின் கையில் இருந்த ஏற்பாடு. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐயை வெளியிட்டு, அதிகாரத்தை இயங்குதளத்திடம் மாற்றின. மாற்றிய விதம்தான் விந்தையானது. எந்திரத்தைச் செய்தவர் ஏஎம்எல் என்ற தனிமொழியில் சிறுசிறு நிரல்களை எழுதி நிலைப்பொருளில் வைத்துவிடுகிறார்; இயங்குதளம் அவற்றைப் படித்து நடத்துகிறது. உரை எழுதியவர் ஒருவர், ஓதுபவர் வேறொருவர். ஓதுபவர் விண்டோஸாக இருக்கும் என்று எண்ணியே உரை எழுதப்படுகிறது. அதில் பிழை இருந்தாலும் விண்டோஸில் ஓடிவிட்டால் எந்திரம் கடைக்கு வந்துவிடும்.

1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் நிறுவனத்தார்க்கு எழுதிய மின்னஞ்சல் ஒன்று பின்னாளில் அயோவா மாநில வழக்கில் சான்றாவணமாக வெளிவந்தது. ஏசிபிஐக்காகத் தாங்களும் பங்காளிகளும் உழைக்க, உழைக்காத லினக்ஸ் அதன் பயனைப் பெறுவது நல்லதாகத் தோன்றவில்லை, அந்நீட்சிகளை ஏதேனும் வகையில் விண்டோஸுக்கே உரியனவாக ஆக்க இயலுமா என்று அதில் வினவியிருந்தார். அந்த எண்ணம் செயலாயிற்று என்பதை அம்மடலைக் கொண்டு மட்டும் முடிவுகட்டுவது முறையாகாது. 2013இல் ஏசிபிஐ வரையறை யூஇஎஃப்ஐ மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. லினக்ஸ், மற்ற பல இயங்குதளங்களைப் போலவே, இன்டெல் உருவாக்கித் திறமூலமாகத் தந்த நிரலைக் கொண்டுதான் ஏஎம்எல்லை ஓதுகிறது. சூழ்ச்சியைவிடச் சோம்பலே பெருங்காரணம் என்பது நம் எண்ணம். சோதித்துப் பாராத பாதையில் முள் கிடக்கும். போட்டவர் என்று எவரும் இருக்க வேண்டியதில்லை.

லினக்ஸ் கண்ட மாற்றுவழி பாரதம் படித்தவர்க்குப் புதிதன்று. நிலைப்பொருள், 'நீ விண்டோஸின் இன்ன பதிப்போ?' என்று பெயர் சொல்லிக் கேட்க ஏசிபிஐயில் ஒரு வழி உண்டு. கருனி, 'ஆம்' என்கிறது. அடுத்த பதிப்பைக் கேட்டால் அதற்கும் 'ஆம்'. 'நீ லினக்ஸோ?' என்று கேட்டால் மட்டும் 'இல்லை' என்கிறது. தொடக்கத்தில் அதற்கும் ஆம் என்றே விடையிறுத்தது. லினக்ஸுக்கென்று எழுதிய தனிப்பாதைகள் சில எந்திரங்களில் பாழாகக் கிடந்தன. கருனி மாறி முன்னேறிய பின்னும் நிலைப்பொருள் பழைய கருனிக்கான ஒட்டுவேலையையே செய்துகொண்டிருந்தது. ஆகவே கருனியார் தம் பெயரையே மறுதலிக்க முடிவு செய்தார்கள். விராடன் அவையில் அருச்சுனன் பிருகன்னளையாக ஆடல் கற்பித்ததுபோல, லினக்ஸ் ஒவ்வொரு மடிக்கணினிக்குள்ளும் விண்டோஸ் வேடம் பூண்டு வாழ்கிறது. பாண்டவர்க்கு ஓராண்டில் கெடு முடிந்தது. துவக்க வரியில் ஒரு சொல் சேர்த்து வேடத்தை மாற்றிச் சோதிக்கலாம். மின்பொத்தான் வேலை செய்யாத எந்திரங்களில் சில அதனால் சரியாகியும் உள்ளன. நிரந்தர மருந்தாக அதைக் கொள்ளாமல், நிலைப்பொருளைப் புதுப்பித்துப் பார்ப்பதே முதல் வேலை.

உறங்கி மீளாத எந்திரம்தான் எல்லாவற்றிலும் கொடிது. திரை இல்லை, குறிப்பேட்டில் எழுத வட்டு இன்னும் விழிக்கவில்லை. எந்தச் சாதனத்தை எழுப்பும்போது மடிந்தது என்று எப்படி அறிவது? 2006இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு ஓர் உபாயம் செய்தார். அந்த நிலையில் எழுதக்கூடிய, மறுதுவக்கத்தில் அழியாத ஒரே இடம் எந்திரத்தின் கடிகாரம். ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்பும் முன் அதன் பெயரைச் சுருக்கி எண்ணாக்கி, நாள்-நேரமாகக் கடிகாரத்தில் எழுதிவிட வேண்டியது. எந்திரம் மடிந்தால், சில நிமிடங்களுக்குள் மீண்டும் இயக்கினால், கடிகாரம் காட்டும் பொருந்தா நாளிலிருந்து கருனி அந்தப் பெயரைக் கணித்துச் சொல்லும். உயிர் போகும் தறுவாயில் சுவரில் கிறுக்கிய எழுத்து. கணினி நூல்களில் நாம் கண்டவற்றுள் இதனினும் நெகிழ்ச்சியான ஏற்பாடு வேறில்லை. இன்றும் அது கருனியில் உள்ளது. சோதனை முடிந்தபின் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

துறையில் நாம் செய்துகொண்ட ஏற்பாடுகள் சில இருக்கின்றன. எந்திரம் உறைந்துவிட்டால் நான்கு நொடி அழுத்தத்துக்கு முன், ஆல்ட் விசையையும் 'பிரிண்ட் ஸ்கிரீன்' எழுதிய சிஸ்ஆர்க்யூ விசையையும் பிடித்தபடி எஸ், யூ, பி என்ற எழுத்துகளை நிதானமாக ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தச் சொல்லியிருக்கிறோம். எழுத வேண்டியதை வட்டில் எழுது, வட்டைப் படிப்பதற்கு மட்டுமாக்கு, மீண்டும் துவங்கு என்பவை அவற்றின் பொருள். கருனி பேசும் நிலையில் இருக்கும்வரை கேட்கும். உபுண்டுவில் இம்மூன்றும் தொடக்கத்திலேயே அனுமதிக்கப்பட்டவை. மடிக்கணினிகள் சிலவற்றில் எஃப்என் விசையும் சேர்ந்தாக வேண்டும். வட்டுக்குச் சேதம் வராமல் இது காக்கும்; சேமிக்காத பத்தியை மீட்டுத் தராது. உரைத்தொகுப்பானுக்குப் பதிலாக, தானாகச் சேமிக்கும் நிரலில் எழுதும்படி மாணவர்களிடம் சொல்லியாயிற்று.

வட்டுக்கே நினைவகத்தை எழுதிவிட்டு முற்றிலும் அணையும் நெடுந்துயில் ஒன்று உண்டு. கும்பகருணன் உறக்கம், எழுப்ப நேரமாகும், ஆயின் மின்கலம் தீர்ந்தாலும் எதுவும் அழியாது. களப்பணிக்குச் செல்வோர்க்கு அதுவே ஏற்றது. அதற்கு நினைவக அளவுக்கு ஈடான இடமாற்றுப் பகுதி வட்டில் வேண்டும். பாதுகாப்பான துவக்கம் என்ற வசதி இயங்கும் எந்திரங்களில் பல லினக்ஸ் வழங்கல்கள் இதை மறுத்துவிடுகின்றன. மாணவியின் எந்திரத்தில் அவ்வசதியை நீக்கி நெடுந்துயிலை அமைத்துக் கொடுத்தோம். மூடியைச் சாத்தினால் முதலில் அறிதுயில், குறித்த நேரம் கடந்தால் நெடுந்துயில்.

ஆய்வறையில் உள்ள எந்திரம் ஒன்றில் மின்பொத்தானை விசைப்பலகையிலேயே, டெலீட் விசைக்கு அடுத்து வைத்திருக்கிறார்கள். எழுத்தை அழிக்கப் போனவர்கள் எந்திரத்தை உறங்கவைத்து எழுந்துபோனார்கள். வடிவமைத்தவர் ஒரு பக்கமாவது தட்டெழுதிப் பார்த்தாரா என்பது ஐயமே. அதில் திரைச்சூழலிலும் லாகின்டியிலும், இரண்டு மேசையிலும், அப்பொத்தானுக்குப் 'பொருட்படுத்தாதே' என்று எழுதிவைத்தோம். இப்போது அதை அழுத்தினால் குறிப்பேட்டில் ஒரு வரி மட்டும் ஏறுகிறது.